டிரிஃபெல்ஸ் ஒன்று போதுமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்கு ஜெர்மனியின் ஃபால்ஸ் வட்டாரத்துக் கோட்டைகளைப் பற்றி நான்கு பக்கங்களில் சென்ற இதழில் ஒரு பயணக் கட்டுரை வந்திருக்கிறது. நான் வாழும் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் மலைகளைத் தமிழில் படிக்கப் போகிறோம் என்ற ஆசையில், வேலை முடிந்து வந்த களைப்போடு அதைத் திறந்தேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "எண்ணூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கும் டிரிஃபெல்ஸ் ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றவை இடிந்த சுவர்கள், ஏறிப் போவது வீண் அலைச்சல்."

இந்த வரி உங்கள் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயிருக்கும். வரலாற்றுக் கட்டுரைகளுக்குப் பெயர் பெற்ற இதழ் உங்களுடையது. அதனால்தான் மனம் ஆறவில்லை.

டிரிஃபெல்ஸ் எண்ணூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கவில்லை. 1602இல் இடி விழுந்து எரிந்தது. பிறகு கைவிடப்பட்டு, சுற்றுவட்டாரத்தார் கல் எடுக்கும் இடமாகிப் போனது. கட்டுரையாளர் வியந்து வியந்து எழுதியிருக்கிறாரே, அந்தப் பேரரசர் மண்டபத்தை 1938இல் நாஜி ஆட்சிக் காலத்தில் கட்டத் தொடங்கினார்கள். ருடோல்ஃப் எஸ்டெரர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த மண்டபம் அது. அங்கே முன்பு என்ன இருந்ததோ அதைத் திரும்ப எழுப்பவில்லை; 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட ஷ்டவுஃபர் குலப் பேரரசர்களின் பெருமையைத் தம் ஆட்சிக்குத் துணையாக்கிக்கொள்ள விரும்பியவர்கள், தாங்கள் கற்பனை செய்த இடைக்காலத்தை எழுப்பினார்கள். போர் முடிந்த பிறகும் வேலை தொடர்ந்தது. கோபுரத்தின் உச்சிப் பகுதிகூட அப்போது உயர்த்தப்பட்டதுதான். உண்மையான ஷ்டவுஃபர் காலத்துக் கல்லைத் தொட வேண்டுமானால் அந்தக் கோபுரத்தின் கீழ்ப்பகுதிக்கும், அதிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் சிற்றாலயத்தின் மாடத்துக்கும், கிணற்றுக் கோபுரத்துக்கும் போக வேண்டும். கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. இருபதாம் நூற்றாண்டுச் சுவரை இடைக்காலம் என்று சொல்லிவிட்டு, உண்மையான இடைக்காலத்தை வீண் அலைச்சல் என்று ஒதுக்கியிருக்கிறீர்கள்.

டிரிஃபெல்ஸுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அன்வைலர் ஊருக்கு மேலே அடுத்தடுத்து நிற்கும் மூன்று குன்றுகளில் ஒன்றின் உச்சியில், சிவந்த பாறையின்மேல் அது நிற்கும் அழகுக்காகவே போகலாம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் புனித ரோமப் பேரரசின் மணிமுடியும் செங்கோலும் பல காலம் இங்கே காவலில் இருந்தன. இப்போது அங்கே காட்சிக்கு இருப்பவை நகல்கள். அசல்கள் வியன்னாவில் இருக்கின்றன. கட்டுரையோ "பேரரசர்களின் மணிமுடியைக் கண்ணெதிரே கண்டோம்" என்கிறது. நகல் என்று எழுதப்பட்ட பலகையைப் படிக்க ஒரு நிமிடம் போதுமே, ஐயா?

சிங்க இதயன் ரிச்சர்டின் கதையும் அப்படித்தான். பாடகன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் மன்னனைக் கண்டுபிடித்தான் என்ற பழங்கதைக்கு அரைப் பக்கம். அதே கதையை ஆஸ்திரியாவின் டூர்ன்ஷ்டைன் கோட்டையிலும் சொல்கிறார்கள். நடந்தது அதைவிடப் பெரிய கதை. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட இங்கிலாந்து மன்னன், 1193 வசந்த காலத்தில் டிரிஃபெல்ஸில் காவல் வைக்கப்பட்டான். அவனை மீட்க இங்கிலாந்து முழுவதும் வரி போட்டு வெள்ளி திரட்டினார்கள். அந்தப் பணம் கைக்கு வந்ததும் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் 1194இல் சிசிலியின்மேல் படையெடுத்தார். அந்தப் பயணம் புறப்பட்டதே டிரிஃபெல்ஸிலிருந்துதான். ஒரு நாட்டின் வரிப்பணம் இன்னொரு நாட்டை வெல்லப் போன இடம் இது. அது உங்கள் கட்டுரையாளரின் கண்ணில் படவில்லை.

இடிந்த சுவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். டான் என்ற சிற்றூருக்கு மேலே ஒரே நீண்ட பாறை முகட்டில் அல்ட்டான், கிராஃபென்டான், டான்ஷ்டைன் என்று மூன்று கோட்டைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. படிகளைப் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளும் பாறைக்குள்ளேயே இருக்கின்றன. செங்குத்தான பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள் தெரியும். அவை மர உத்தரங்கள் செருகியிருந்த இடங்கள். அந்தக் குழிகளைக் கண்ணால் இணைத்துப் பார்த்தால், இல்லாமல் போன மாடிகளும் கூரைகளும் தாமாக எழுந்து நிற்கும். முழுதாக நிற்கும் மண்டபத்தில் இந்த வேலையைச் செய்ய நமக்கு வாய்ப்பே இல்லை.

பழைய சுவர்களின் ஒவ்வொரு பெரிய கல்லின் நடுவிலும் ஒரு சிறு குழி இருக்கும். சென்னையிலிருந்து வந்த என் அண்ணன் குடும்பத்தை ஒரு சுற்றுலாக் குழுவோடு அனுப்பியபோது, வழிகாட்டி அவற்றைத் துப்பாக்கிக் குண்டு பட்ட தடயங்கள் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஞாயிறே அவர்களை நான் திரும்ப அழைத்துப் போனேன். அவை இரும்புக் கிடுக்கி பிடித்த குழிகள். கல்லைக் கிடுக்கியால் கவ்வி, பாரந்தூக்கியால் மேலே ஏற்றியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் சின்னவள் ஒவ்வொரு கல்லிலும் அந்தக் குழியைத் தேட ஆரம்பித்தாள். மாலைவரை கீழே இறங்க மறுத்தாள். இதையா வீண் அலைச்சல் என்கிறீர்கள்?

இவை ஏன் இடிந்தன என்றாவது ஒரு பத்தி எழுதியிருக்கலாம். "காலத்தின் கோலம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். டிராஹென்ஃபெல்ஸ் கோட்டையை, பிரபுக்களோடு போரிட்ட ஃப்ரான்ஸ் ஃபான் சிக்கிங்கென் என்ற குதிரைவீரர் தலைவர் தோற்ற 1523ஆம் ஆண்டில் வெற்றி பெற்ற பிரபுக்கள் தகர்த்தார்கள். 1525இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்து பல கோட்டைகளைச் சூறையாடினார்கள். எல்லைக்கு அப்பால் பிரான்சின் அல்சாஸில் உள்ள ஃப்ளெக்கென்ஷ்டைனை 1680இல் பதினான்காம் லூயியின் படை அழித்தது. 1689இல் எஷ்பாஹ் ஊருக்கு மேலுள்ள மாடென்புர்க்கும் பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. காலம் எதையும் செய்யவில்லை. மனிதர்கள் வெடிமருந்து வைத்தார்கள்.

இன்று வேகெல்ன்புர்க்கிலிருந்து ஹோஹென்புர்க், லோவென்ஷ்டைன் வழியாக ஃப்ளெக்கென்ஷ்டைனுக்கு ஒரே நாளில் நான்கு கோட்டைகளையும் நடந்தே பார்க்கலாம். நடுவில் ஜெர்மனி முடிந்து பிரான்ஸ் தொடங்குகிறது. காட்டுப் பாதையோரத்தில் பாசி படிந்த எல்லைக் கற்கள்தான் இருக்கின்றன; காவலரும் இல்லை, தடுப்பும் இல்லை. எல்லைச் சோதனைச் சாவடி வரிசைகளில் மணிக்கணக்காக நின்று பழகியவர்கள் அந்த இடத்தில் சற்று நேரம் நிற்காமல் போக மாட்டார்கள்.

மனத்தில் கிடக்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஹம்பாஹ் கோட்டைக்கு நீங்கள் தந்திருப்பது படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி. 1832 மே 27 அன்று ஆயிரமாயிரம் பேர் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியோடு அந்த மலை ஏறி, பத்திரிகைச் சுதந்திரத்தையும் மக்களாட்சியையும் ஒன்றுபட்ட ஜெர்மனியையும் கேட்டார்கள். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக ஒரு மலை ஏறியவர்களுக்கு ஒரு பத்திரிகை ஒரு வரிதான் தருமா?

திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய பகுதி என்னை மிகவும் புண்படுத்தியது. "குடிகாரர்களின் சாலை" என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். 1935இல் திறக்கப்பட்ட ஒயின் சாலை அது. பொக்கென்ஹைமிலிருந்து ஷ்வைகென்வரை எண்பது கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதன் ஓரத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சரிவுகளில் கொடி வளர்த்துப் பிழைக்கும் உழவர்கள் என் அயலார். நான் மது அருந்துவதில்லை. ஆனாலும் அறுவடைக் காலத்தில் அவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து போவதைப் பார்க்கிறேன். காட்டுக்குள் 1902இல் தொடங்கிய ஃபால்ஸ் காட்டுச் சங்கத்தின் குடில்களில் நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உண்கிறார்கள். ஒயினில் சோடாத் தண்ணீர் கலந்த அரை லிட்டர்க் குவளை கைமாறி வரும். எனக்குத் திராட்சைச் சாறு தருவார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. பாதைகளுக்கு வண்ணக் குறியிட்டுப் பேணுவதும் இந்தச் சங்கத்தாரே. அவர்களைக் குடிகாரர்கள் என்று எழுதிய பக்கத்தை நான் யாருக்கு மொழிபெயர்த்துக் காட்டுவேன்?

கட்டுரையாளரின் படம் இன்னொன்று. தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போய்ச் சுவரின் விளிம்பில் கைகளை விரித்து நிற்கிறார். அது மணற்கல். கையால் தேய்த்தால் உதிரும். அந்தப் பாறைகளில் பொரி வல்லூறுகள் கூடு கட்டும். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பல பாறைகளில் ஏறவே தடை உண்டு. போன ஆண்டு ஒரு கோட்டையின் நுழைவுச் சுவரில் தமிழில் இரண்டு பெயர்களையும் ஓர் இதயத்தையும் செதுக்கியிருப்பதைக் கண்டு தலைகுனிந்து நின்றேன். அந்தப் படத்தைப் பார்க்கும் இளைஞர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

முன்பு ஒருமுறை ரைன் நதிக் கோட்டைகளைப் பற்றிய கட்டுரைக்கு, பவேரியாவில் இருக்கும் நொய்ஷ்வான்ஷ்டைனின் படத்தைப் போட்டிருந்தீர்கள். 1869இல் கட்டத் தொடங்கிய அரண்மனை அது. அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை; கடிதமும் வெளியாகவில்லை. ஐரோப்பா என்றால் ஈஃபில் கோபுரமும் சுவிஸ் பனியும் மட்டுமே என்றிருந்த காலத்திலிருந்து உங்கள் இதழுக்குச் சந்தா கட்டி வருகிறேன். இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைக்க, அவர்கள் தினமும் காணும் மலைகளைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல பக்கம் வேண்டும் என்பதுதான் எங்கள் ஏக்கம். பிழையான பக்கத்தைக் கொடுத்தால், பள்ளியில் படித்ததை வைத்து அவர்களே அதைத் திருத்துகிறார்கள். பிறகு தமிழில் வந்த எதையும் நம்ப மறுக்கிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். டிரிஃபெல்ஸ் மண்டபம் 1938க்குப் பிறகு எழுந்தது, அங்கே இருக்கும் மணிமுடி நகல் என்று இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். குளிர்காலத்தில் பல கோட்டைகளின் கதவுகள் சாத்தியிருக்கும், திறக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்பதையும், லாண்டாவிலிருந்து அன்வைலருக்கு ரயில் உண்டு, அங்கிருந்து நடந்தே மேலே ஏறலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தத்தைக் கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே பயணப் பகுதியில் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
லாண்டாவ், ஜெர்மனி