பணம் அனுப்பும் முன் பாஸ்புக்கை வெளிச்சத்தில் பாருங்கள்

நாள்: 16.06.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் பற்றியெல்லாம் ஏற்கெனவே எழுதியனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் பணம் அனுப்புவது பற்றியது. நம் பள்ளியில், குறிப்பாக விடுதியில், தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பாவோ அம்மாவோ வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையில் கட்டட வேலை, பெங்களூரில் கடை. மாதம் பிறந்தால் அங்கிருந்து பணம் வந்துதான் இங்கே வீடு நடக்கிறது, விடுதிக் கட்டணமும் கட்டப்படுகிறது.

போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒரு மாணவி தன் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அப்பா திருப்பூரிலிருந்து 8,500 ரூபாய் அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் போனில் பணம் போய்விட்டது என்று பச்சை டிக் வந்திருக்கிறது. அப்பத்தா கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. அப்பத்தா மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து என் மேசைமேல் வைத்தார். முதல் பக்கத்தில், வங்கியின் ஊதா முத்திரை கணக்கு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்மேல் விழுந்திருந்தது. பேத்தி எடுத்தனுப்பிய அந்தப் பக்கத்தின் போட்டோவைப் பார்த்துத்தான் அப்பா எண்ணைப் போட்டிருக்கிறார். முத்திரை மைக்கு அடியில் இருந்த 3, போட்டோவில் 8 ஆகத் தெரிந்திருக்கிறது. வங்கிச் செயலி எண்ணை இரண்டு முறை போடச் சொல்லியும் பயனில்லை. இரண்டு முறையும் அதே போட்டோவைத்தான் பார்த்தார், அதே 8தான் விழுந்தது. பெறுபவர் பெயரைச் சரியாக எழுதியிருந்தார். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடும் சரி. பணம் அதே வங்கியில் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது.

"எம் பேருதானய்யா எழுதியிருக்கான், அப்புறம் எப்படி வேற ஆளுக்குப் போகும்?" என்று அப்பத்தா கேட்டார்.

நியாயமான கேள்வி. நம்மில் பலரும் பெயரும் எண்ணும் பொருந்தினால்தான் பணம் போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு. ஒரு தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. கோடு பின்கோடு மாதிரி, எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டும். கணக்கு எண்தான் கதவு எண். தபால்காரர் பெயரைப் படித்து விசாரித்துக் கொடுப்பார். கம்ப்யூட்டர் கதவு எண்ணைப் பார்த்ததும் போட்டுவிட்டுப் போய்விடும்.

அந்தக் கோடில் மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கும் எழுத்துகள், அவை வங்கியைக் குறிக்கும். ஸ்டேட் பாங்க் என்றால் எஸ், பி, ஐ, என். இந்தியன் வங்கி என்றால் ஐ, டி, ஐ, பி. ஐந்தாவது இடத்தில் எந்த வங்கியானாலும் பூஜ்ஜியம்தான். கடைசி ஆறு இடங்கள் கிளைக்கு உரியவை. அதிகம் தவறு நடப்பது இந்தப் பூஜ்ஜியத்தில்தான். அதை ஆங்கில 'ஓ' என்று நினைத்துத் தட்டிவிடுகிறார்கள். நிஜ 'ஓ' வரும் கோடுகளும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் கோடைப் பாருங்கள்: ஐ, பி, ஓ, எஸ், அதன்பின் நான்கு பூஜ்ஜியம், அதன்பின் டி, ஓ, பி. ஒரே கோடில் இரண்டு 'ஓ', நான்கு பூஜ்ஜியம். அஞ்சலகக் கணக்குக்கு நாடு முழுவதும் இந்த ஒரே கோடுதான், ஊருக்கு ஒன்று கிடையாது. காசோலையின் அடியில் தெரியும் ஒன்பது இலக்க எம்.ஐ.சி.ஆர். எண் வேறு. பணம் அனுப்ப அது உதவாது.

கோடு தவறினால் என்ன ஆகும்? அப்படி ஒரு கிளையே இல்லையென்றால் செயலி அங்கேயே நிறுத்திவிடும். வேறு வங்கியின் கோடு விழுந்து, அங்கே அந்த எண்ணில் கணக்கு இல்லையென்றால் பணம் திரும்பி வரும். ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் முறையில் அரை மணிக்கு ஒருமுறை பணம் பட்டுவாடா ஆகிறது. 2019 டிசம்பரிலிருந்து இரவு, ஞாயிறு என்ற பேதமில்லாமல் நடக்கிறது. பெறும் வங்கி அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பியனுப்ப வேண்டும், தாமதித்தால் வட்டியும் தர வேண்டும். கணக்கு எண் தவறி, அந்த எண்ணில் வேறொருவர் இருந்துவிட்டால் இந்த விதி எதுவும் துணைக்கு வராது. வங்கியின் பார்வையில் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றவர் சம்மதித்தால்தான் அதை எடுக்க முடியும். அந்த மாணவியின் வீட்டுக்குப் பணம் திரும்ப 41 நாள் ஆயிற்று. கிளை மேலாளர் பொறுமையாகப் பேசி வாங்கிக் கொடுத்தார். அந்த நாட்களில் அந்தப் பிள்ளை கட்டணம் கட்டும் ஜன்னலைத் தாண்ட வேண்டுமே என்று பின்பக்கப் படிக்கட்டில் ஏறிப் போனதை நான் கவனித்தேன். யாரும் அவளிடம் பணம் கேட்கவில்லை. இருந்தும் அவள் அந்த வழியாக வரவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது பழைய பாஸ்புக்காக இருந்தால் தனியாகக் கவனியுங்கள். பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரலில் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. சிண்டிகேட் வங்கியின் பழைய கோடுகள் 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து செல்லாது. இந்த வங்கிகளின் பழைய அட்டையைப் பார்த்துக் கோடு எழுத வேண்டாம். கிளைக்குப் போய்ப் புது பாஸ்புக் கேளுங்கள்.

இனி, என்னை இப்போதே எழுத வைத்த விஷயம். போன வாரம் பெற்றோர் சிலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. என் படத்தை முகப்பில் வைத்து, "பள்ளியின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, விடுதிக் கட்டணத்தைக் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும்" என்று. அதை நான் அனுப்பவில்லை. ஒரு தாயார் சந்தேகப்பட்டு அந்த ஐ.எஃப்.எஸ்.சி. கோடைத் தேடிப் பார்த்திருக்கிறார். உண்மையான வங்கி, உண்மையான கிளை என்று வந்ததும் நம்பி, அனுப்பும் தறுவாயில் எனக்குப் போன் செய்தார். நல்லவேளை. கோடு சரியாக இருந்தால் அப்படி ஒரு கிளை இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கணக்கு யாருடையது என்பதைக் கோடு சொல்லாது. ஏமாற்றுகிறவரும் ஏதோ ஒரு நிஜக் கிளையில்தான் கணக்கு வைத்திருப்பார். பள்ளியின் கணக்கு எண் கட்டண அட்டையின் பின்பக்கம் அச்சாகியிருக்கிறது. அது மாறவில்லை. என்றாவது மாறினால், முத்திரையிட்ட கடிதமாகப் பிள்ளைகள் கையில்தான் வரும்.

புதிதாக யாருக்கு அனுப்பினாலும் முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள். நெஃப்ட்டில் குறைந்தபட்சத் தொகை கிடையாது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்ப 2020 ஜனவரியிலிருந்து கட்டணமும் இல்லை. அந்த ஒரு ரூபாய் வந்ததாக அவர் வாயால் கேட்ட பிறகு மீதியை அனுப்புங்கள். 2025 ஏப்ரலுக்குள் நெஃப்ட்டிலும், பெரிய தொகை அனுப்பும் முறையான ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் கணக்கு எண்ணையும் கோடையும் போட்டதும் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. திரையில் பெயர் வந்தால் அவசரப்படாமல் படியுங்கள். அனுப்பியதும், ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் வரும் தனி எண்ணான யூ.டி.ஆர். எண்ணைக் குறித்து வையுங்கள். பணம் தேட வேண்டி வந்தால் வங்கி முதலில் கேட்பது அதைத்தான். மோசடி என்று தெரிந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

வரும் சனிக்கிழமை, 21ஆம் தேதி, காலை 10 மணி முதல் 1 மணி வரை நானும் வணிகவியல் ஆசிரியரும் பள்ளியில் இருப்போம். பாஸ்புக்கை மட்டும் கொண்டுவாருங்கள். கணக்கு எண்ணையும் கோடையும் ஓர் அட்டையில் தெளிவாக எழுதி, உங்கள் முன்னாலேயே இருமுறை சரிபார்த்து உங்களிடமே தந்துவிடுவோம். எங்களிடம் நகல் வைத்துக்கொள்ள மாட்டோம். ஏ.டி.எம். அட்டை, பின் நம்பர், ஓ.டி.பி. எதுவும் வேண்டாம், கேட்கவும் மாட்டோம். வெளியூரில் இருப்பவர்கள் அந்த அட்டையை வீட்டில் உள்ளவரைப் படிக்கச் சொல்லி, போனில் ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

முட்டி வலி உள்ள பெரியவர்கள் மாடி ஏற வேண்டியதில்லை. கீழே நூலகத்தில் நாற்காலி போட்டிருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்