மலைச் சாலைகளில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். கனடாவின் ரொக்கி மலைத்தொடரில் அமைந்துள்ள பான்ஃப், யோஹோ, ஜாஸ்பர், கூட்னி ஆகிய நான்கு தேசியப் பூங்காக்களின் ஊடாக நானும் என் கணவரும் காரில் மேற்கொண்ட பயணம் நல்லபடியாக நிறைவுற்றது. அது அவ்வாறு நிறைவுற்றதில் எங்கள் திறமைக்கு உள்ள பங்கு மிகச் சிறியது. வழியில் உதவியவர்களுள் பலரின் பெயர்களை நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் அவை பொதுவெளியில் எழுதப்படுவதை அவர்கள் விரும்பியிருப்பார்களா என்பது ஐயமே. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கக்கூடிய ஒரே மடலாக எழுதுகிறேன்.

முதல் நன்றி கல்கரியில் வாழும் என் கணவரின் மச்சானுக்கும் அவருடைய மனைவிக்கும் உரியது. விமான நிலையத்துக்கு வந்து எங்களை அழைத்துச் சென்று சோறு போட்டதை உறவினர் கடமை என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து அவர்கள் சொல்லித் தந்தவற்றை அப்படிச் சுருக்கிவிட முடியாது. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை செல்லும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே ஏறத்தாழ 230 கிலோமீற்றர் நீளமுடையது என்றும், அவ்வளவு தூரத்திலும் சஸ்காச்சுவான் ரிவர் குரோசிங் என்ற ஓர் இடத்தில் மட்டுமே எரிபொருள் கிடைக்கும் என்றும், பெரும்பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது என்பதால் வரைபடங்களை முன்கூட்டியே தரவிறக்கி வைக்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் பின்னர் எங்களுக்குப் பயன்பட்டது. மொறெய்ன் ஏரிக்குச் செல்லும் சாலையில் 2023 முதல் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பேருந்து இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதை அறிந்து, நாங்கள் ரொறன்ரோவில் பயணப்பெட்டி அடுக்கத் தொடங்குவதற்கு முன்னரே எங்களுக்கும் சேர்த்து இடம் பதிவு செய்து வைத்திருந்தவர் மச்சானின் மனைவி. அந்த ஏரியை நாங்கள் பார்த்ததே அவரால்தான்.

அடுத்ததாக, ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் எங்களுக்காக வண்டியை நிறுத்திய அந்த முதிய தம்பதியர். பேய்ட்டோ ஏரியின் நீலப்பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு, போ கணவாயின் உச்சியைத் தாண்டிக் கீழிறங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் காரின் பின்சில்லு ஒன்றில் காற்று இறங்கிவிட்டது. என் கணவருக்குச் சில்லு மாற்றத் தெரியும். ஆனால் சாலையோரச் சரளை தளர்வாக இருந்ததால், ஜாக்கை எங்கு வைத்தாலும் அது ஒருபக்கமாகச் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. தொலைபேசியிலும் தொடர்பு இல்லை. எத்தனையோ வாகனங்கள் எங்களைக் கடந்து போயின; அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வளைவான மலைச் சாலையில் எல்லோராலும் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. நீங்களோ உள்ளேயே தங்கிப் பயணிக்கும் உங்கள் பெரிய வீட்டு வண்டியைச் சற்றுத் தள்ளிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்தே எங்களிடம் வந்தீர்கள். அம்மா, நீங்கள் ஒன்றும் கேட்காமலே எச்சரிக்கை முக்கோணங்களை எடுத்துச் சென்று இரு பக்கமும் தொலைவில் வைத்தீர்கள். ஐயா, நீங்கள் கொண்டுவந்தது ஒரு பலகைத் துண்டு, அவ்வளவுதான். அதை ஜாக்கின் அடியில் வைத்ததும் கார் ஆடாமல் அசையாமல் மேலெழுந்தது. கனடாவில் மலைப் பயணம் போகும் எவரும் காரின் பின்பெட்டியில் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றுமுதல் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

உங்கள் உதவி அத்துடன் முடியவில்லை. காரில் இருந்த உபரிச் சில்லு தற்காலிகமானது; மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாதது. அந்தச் சாலையின் வேக எல்லையோ 90. லேக் லூயிஸ் நோக்கித் திரும்பிய எங்களுக்குப் பின்னால், மெதுவாகப் போகிறோமே என்று யாரும் நெருக்காதபடி, உங்கள் வண்டியைக் கொண்டே மறித்துக்கொண்டு வந்தீர்கள். நாங்கள் பழுது பார்க்கும் இடத்துக்குள் திரும்பியதும் கையசைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பூட்டும் நேரம் கடந்த பிறகும் எங்களைத் திருப்பி அனுப்பாமல், டயரில் ஏறியிருந்த திருகாணியைப் பிடுங்கி உட்பக்கத்திலிருந்து ஒட்டுப்போட்டுத் தந்து, அதற்கு வழக்கமான கூலியை மட்டுமே வாங்கிக்கொண்ட அந்தத் தொழிலாளிக்கும் எங்கள் நன்றி.

இந்தச் சாலையையே போட்டவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெற்றுக்கொள்ள இன்று அவர்களில் யாரும் இல்லை என்றாலும். பொருளாதார மந்தக் காலத்தில், 1931இல், வேலையற்றோருக்கான நிவாரணப் பணியாகத் தொடங்கப்பட்ட இந்த மலைச் சாலை 1940இல்தான் திறக்கப்பட்டது. பெரும்பாலும் கைக்கருவிகளையும் குதிரைகளையும் வைத்துக்கொண்டு இரு முனைகளிலிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டு வந்த வழி இது. பான்ஃபுக்கும் லேக் லூயிஸுக்கும் இடையிலான பழைய சாலையின் வரலாறு இன்னும் கசப்பானது. முதல் உலகப் போரின்போது, ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் குடிமக்கள் என்ற காரணத்தால் பகை நாட்டார் என முத்திரை குத்தப்பட்ட உக்ரேனியக் குடியேறிகள் பலர், 1915 முதல் 1917 வரை காசில் மலையடிவாரத்துத் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு அந்தச் சாலைப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுக்கான நினைவுச் சிலை அங்கே நிற்கிறது. முகாம்களின் நினைவோடு கடல் கடந்து வந்த எங்களைப் போன்றவர்களால் அந்த இடத்தைச் சும்மா கடந்துவிட முடியாது. என் கணவர் சிலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்; நானும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பூங்காக்களைப் பராமரிக்கும் கனடாப் பூங்காத் துறையின் ஊழியர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினால் மடல் நீளும் என்பதால் இருவரோடு நிறுத்திக்கொள்கிறேன். சாலையோரப் பழப்புதர்களில் கரடி ஒன்று மேய்ந்துகொண்டிருக்க, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று வழி அடைபட்டிருந்த இடத்தில், இளம் பெண் ஊழியர் ஒருவர் தனியாக நின்று எல்லோரையும் நகர்த்திக்கொண்டிருந்தார். கரடியிடமிருந்து குறைந்தது 100 மீற்றர் விலகியிருக்க வேண்டும் என்பதையும், மனிதருக்குப் பழகிவிட்ட கரடி கடைசியில் காரில் அடிபட்டோ சுடப்பட்டோ சாக நேரிடும் என்பதையும் ஒவ்வொரு காரின் கண்ணாடியருகிலும் குனிந்து அவர் அலுக்காமல் சொன்னார். எங்களிடம் சொன்னபோதும் அவர் முகத்தில் சலிப்பு இல்லை. இந்த அக்கறையைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளாத துறை அது. பான்ஃப் பூங்காவின் ஊடாகச் செல்லும் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் இருபுறமும் வேலியிட்டு, விலங்குகள் சாலையைக் கடப்பதற்கென்றே 6 மேம்பாலங்களும் 38 சுரங்கவழிகளும் அமைத்திருக்கிறார்கள். அதன் பின் விலங்குகள் மீது வாகனங்கள் மோதும் விபத்துகள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துள்ளன. இருட்டியபின் அந்தச் சாலையில் ஓட்டியபோது எங்களுக்கிருந்த நிம்மதிக்கு அந்த வேலியும் பாலங்களும்தான் காரணம்.

மற்றவர் அதபாஸ்கா பனியாற்றின் அருகே எங்களுடன் பேசிய வழிகாட்டி. கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் அந்தப் பனியாறு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது என்பதை, பனியின் விளிம்பு முன்பு எங்கெங்கே இருந்தது என்று ஆண்டு குறித்து நடப்பட்டிருக்கும் பலகைகளைக் காட்டி அவர் விளக்கினார். மேலே தெரியும் ஸ்னோ டோம் சிகரத்தில் உருகும் நீர் பசிபிக், ஆர்க்டிக் பெருங்கடல்களுக்கும், ஹட்சன் விரிகுடா வழியாக அட்லாண்டிக்குக்கும் பிரிந்து போகிறது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பனிப்பிளவுகளின் ஆபத்தை அவர் எடுத்துச் சொன்ன விதத்தில், எல்லையாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போகும் எண்ணம் யாருக்குமே வந்திருக்காது.

ஜாஸ்பரைப் பற்றி எழுதுவது எளிதல்ல. 2024 ஜூலையில் காட்டுத்தீ ஊருக்குள் புகுந்து கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. அதற்கு முன்பே ஊரிலும் பூங்காவிலும் இருந்த ஏறத்தாழ 25,000 பேரை வெளியேற்றியிருந்தார்கள். தீயோடு போராடிய இளம் வீரர் ஒருவர் மரம் விழுந்து உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்கு எங்கள் நன்றியையும் துயரையும் ஒருசேரத் தெரிவித்துக்கொள்கிறோம். ஊரை நெருங்கும்போது கருகிய மரங்கள் சாலையின் இருபுறமும் கிலோமீற்றர் கணக்கில் நின்றன. அவற்றின் அடியில் செவ்வூதாப் பூக்கள் மண்டியிருந்தன. இந்த நிலையில் ஊருக்குப் போய்த் தொந்தரவு கொடுக்க வேண்டுமா என்று தயங்கிய எங்களிடம், தங்கும் விடுதியின் பொறுப்பாளரான அம்மையார், வாருங்கள், இங்கே தங்குங்கள், சாப்பிடுங்கள், ஊர் எழுந்து நிற்பதற்கு அதுவும் வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொன்னார். அவரும் வீட்டை இழந்தவர் என்பது நாங்கள் புறப்படும் நாளில், அதுவும் வேறொருவர் வாயிலாகத்தான், தெரியவந்தது. எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன, எவை இன்னும் மூடப்பட்டிருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு காலையும் எங்களிடம் தந்தவர் அவர். அம்மா, அந்தத் தாள்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் எழுதிக் கொடுத்த வழியில்தான் மலீன் ஏரிக்குச் சென்றோம். அங்கே மற்றுமொரு வழிகாட்டியின் கதை காத்திருந்தது. மேரி ஷாஃபர் என்ற பயணி 1908இல் இந்த ஏரியை அடைந்தது, ஸ்டோனி நக்கோடா என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த சாம்சன் பீவர் தம் சிறுவயது நினைவிலிருந்து வரைந்து கொடுத்த வரைபடத்தின் துணையோடுதான். அந்த ஏரியை உலகுக்குக் காட்டிய பெருமை நெடுங்காலம் ஷாஃபரின் பெயரிலேயே பேசப்பட்டது. வரைந்து கொடுத்தவரின் மக்களோ பூங்கா அமைந்தபின் பான்ஃபில் தங்கள் வேட்டை நிலங்களிலிருந்து விலக்கப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

யோஹோவில் டகாக்காவ் அருவிக்குப் போகும் கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே நீண்ட வண்டி ஒன்று பின்னோக்கி நகர்ந்து வளைவைக் கடக்கும் வரை பொறுமையோடு நின்று, எங்களுக்கும் ஒதுங்க இடம் விட்ட ஓட்டுநர்களுக்கு நன்றி. கூட்னியில் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் என் கணவரின் முழங்காலைப் பார்த்துப் படியிறங்கக் கை கொடுத்த இளைஞருக்கும் நன்றி.

கடைசியாக, பான்ஃப் கூடாரத் தளத்தில் எங்கள் பக்கத்து இடத்திலிருந்து புறப்பட்ட குடும்பத்தினருக்கு. கரடி விரட்டும் தெளிப்பானை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது என்பதால், உங்களுடையதை எங்களிடம் தந்து, பாதுகாப்பு ஊசியை எப்படி விலக்குவது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஏன் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள். நல்வாய்ப்பாக ஒருமுறைகூட அதைப் பயன்படுத்த நேரவில்லை. கல்கரிக்குத் திரும்புவதற்கு முன், கூட்னியில் எங்களுக்குப் பின் வந்து கூடாரம் அடித்த இளம் தம்பதியரிடம் அதைக் கொடுத்துவிட்டோம். நீங்கள் எங்களுக்குக் காட்டியது போலவே, அதன் அடியில் இருந்த காலாவதித் தேதியையும் அவர்களுக்குக் காட்டினோம். அடுத்த கோடை வரை அது செல்லும்.

மிக்க நன்றியுடன்,
ரொறன்ரோவிலிருந்து வந்து சென்ற தம்பதியர்