எங்கள் ஊருக்கும், நோட்டு வைத்திருந்த அக்காவுக்கும் நன்றி

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும், எங்கிருந்தெல்லாமோ எங்களுக்காக வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த அந்த இரவைப் பற்றி நான் உங்களுக்கு எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதற்குள் நின்றவர்கள். நான் சென்னையில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மக்கள் எப்படித் தப்பினார்கள் என்ற கணக்கெடுப்பில் இருந்தேன். ஏரல் பாலம் போய்விட்டது, கைப்பேசிக் கோபுரங்கள் எதுவும் இயங்கவில்லை என்று கேள்விப்பட்ட பிறகு, அம்மாவும் அப்பாவும் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற ஒரு வரிச் செய்தி வந்து சேரும்வரை நான் இருந்த நிலையைச் சொல்லத் தெரியவில்லை. அன்று நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. இன்று வீட்டில் சேறு வாரி முடித்து, அம்மா மறுபடியும் தன் கட்டிலில் படுத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்களுக்கும், தேசிய, மாநிலப் பேரிடர் மீட்புப் படையினருக்கும், ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்களை இறக்கியவர்களுக்கும், தங்கள் வீட்டு அரிசியையே கோயிலில் போட்டு ஊருக்கெல்லாம் உலை வைத்தவர்களுக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் கம்பம் ஏறிய மின் ஊழியர்களுக்கும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் தெருக்களைக் கழுவிக் கொடுத்த தூய்மைப் பணியாளர்களுக்கும் என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தனித்தனியே சொன்னால் யாராவது ஒருவர் விட்டுப்போவார் என்பதால் எல்லோரையும் ஒருசேர வணங்குகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்கா அவர். “பேரெல்லாம் போடாதீங்க தம்பி” என்று கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை; ஊரில் உள்ளவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரின் விவரங்களை எழுதிவைப்பது அவருடைய வேலை. அதற்கு அரசுப் பதிவேடுகள் உண்டு. அவற்றுக்கு அப்பால், கடையில் வாங்கிய ஒரு நீள நோட்டை அவராகவே வைத்திருந்தார். குழந்தைகளை எடை போட வீடு வீடாகப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் நடக்க முடியாதவர் யார், தனியாக இருப்பவர் யார், தினமும் விடாமல் மருந்து எடுப்பவர் யார், மாடி உள்ள பக்கத்து வீடு எது, சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்வாராம். 1992 வெள்ளத்தை நேரில் கண்டவர் அவர். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு ரூபாய் கிடைத்ததும் இல்லை. மழை விடாது என்று தெரிந்த மாலையில் அந்த நோட்டைச் சத்துமாவு உறைக்குள் போட்டுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்.

நோட்டை நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு நேரே பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது இதுதான்: “அம்மாவுக்கு சுகர் ஊசி, பிரிட்ஜ் கதவில். இடது கால் ஊன்ற மாட்டாங்க. அய்யாவுக்குக் காது கேக்காது, கதவத் தட்டிப் பிரயோஜனமில்ல, பின்னாடி ஜன்னல்.”

அந்த மூன்று வரிகளால்தான் இளைஞர்கள் முன்கதவில் நேரத்தை வீணாக்காமல் நேரே பின்பக்கம் போய் ஜன்னல் வழியாக டார்ச் அடித்து அப்பாவை எழுப்பினார்கள். அம்மாவை நாற்காலியோடு தூக்கினார்கள். ஊசி மருந்தையும் மறக்காமல் எடுத்தார்கள். மின்சாரமே இல்லாத அந்த நாட்களில் மருந்துக் குப்பிகளை ஒரு சிறு சட்டியில் மூடி, ஈர மணல் நிரப்பிய பானைக்குள் வைத்து, நிழல் பார்த்துக் காத்ததும் அந்த அக்காதான். அவருடைய வீட்டிலும் கூரை மட்டத்துக்குத் தண்ணீர் நின்றிருந்தது.

பேரிடர் ஆய்வு என் தொழில் என்பதால், இது எவ்வளவு பெரிய செயல் என்று எனக்குச் சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது. ஆபத்து வந்தால் மக்கள் பீதியில் சிதறி ஓடுவார்கள் என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் இருக்கிறது. 1963-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான குவரன்டெல்லி, அப்படிப்பட்ட பீதி மிக அரிது என்பதையும், மக்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கவே முற்படுகிறார்கள் என்பதையும் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்காட்டினார். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் வேளையில், வானிலை எச்சரிக்கை மாவட்டத்துக்கு வரும், படகு ஊர் எல்லைக்கு வரும். எந்த ஜன்னலைத் தட்டுவது என்பதை அந்தத் தெருவை அறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர ஊர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் டேனியல் ஆல்ட்ரிச், ஊர்க் கட்டுப்பாடு வலுவாக இருந்த இடங்களில் அதற்குள் சேர்க்கப்பட்டவர்கள் விரைவாக மீண்டார்கள் என்றும், அதே கட்டுப்பாடு தலித்துகள் போன்றோரை நிவாரணத்துக்கு வெளியே நிறுத்தியது என்றும் கண்டார். நெருக்கமான ஊர் என்று பெருமைப்படும்போது, அந்த நெருக்கத்துக்குள் யார் யார் இல்லை என்றும் கேட்கத்தான் வேண்டும். அக்காவின் நோட்டு காலனித் தெருவில் தொடங்கி, செங்கல் சூளையில் தங்கியிருந்த வெளியூர்க் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் எங்கள் தெருவுக்கு வருகிறது. ஏன் இந்த வரிசை என்று கேட்டேன். “தண்ணி அங்கதான மொதல்ல வரும்” என்றார். ஒருவரும் விடுபடாமல் எங்கள் ஊர் தப்பியதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அவருடைய முறையை வைத்து, சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் ஓர் ஆய்வை நடத்துவேன். அதில் அவர் தகவல் கொடுத்தவராக அல்ல, ஆய்வாளராகவே இருப்பார், அதற்குரிய ஊதியமும் பெறுவார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், பிறருடைய நோய் விவரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக் கூடாது, அது தாளில் இரண்டு பேர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று அவரே மூன்று நிபந்தனைகள் விதித்திருக்கிறார். மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

அங்கன்வாடிக் கட்டடம் இன்னும் காயவில்லை என்பதால் முதல் கூட்டம் பள்ளிக்கூட வராண்டாவில் நடக்கும். தங்கள் தெருவுக்கு இப்படியொரு நோட்டு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வரலாம். நோட்டும் பேனாவும் நனையாத உறையும் நான் வாங்கி வருகிறேன். எழுதும் முறையை அக்கா சொல்லித் தருவார்.