வெனிஸ் கிணறுகள் பற்றி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பள்ளிக்கூட லீவுக்கு மியூனிக்கிலிருந்து காரில் வெனிஸ் பக்கம் போய் வந்தோம். ஊருக்குள் ஹோட்டல் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கவல்லினோ கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினோம். இங்கே வசதியானவர்களும் கோடையில் இப்படித்தான் கிளம்பிவிடுகிறார்கள். பைன் மரத்தடியில் அளந்து விட்ட இடம், கரண்டுக்கு ஒரு பிளக், பொதுக் குளியலறை. பாத்திரம் கழுவ வரிசையாகத் தொட்டிகள். அங்கே பெரும்பாலும் ஆண்கள்தான். உங்கள் மாப்பிள்ளையும் நின்று கழுவினார், அம்மாவிடம் சொல்லுங்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் சத்தம் போடக் கூடாது. கொசுவுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது.

புந்தா சப்பியோனி துறையில் படகு ஏறினால் முக்கால் மணிக்குள் வெனிஸ். அரண்மனை, தேவாலயம் எல்லாம் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். உறை இறக்கியே காலம் கழித்த உங்களுக்கு நான் எழுத நினைத்தது அங்குள்ள கிணறுகளைப் பற்றி.

சுற்றிலும் உப்புத் தண்ணீர். அப்புறம் ஊர் எதைக் குடித்தது? மழையைத்தான். சதுக்கத்தையே ஆழமாகத் தோண்டி, உப்பு கசியாமல் களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை எழுப்பியிருக்கிறார்கள். தரையில் பாவிய கல்லில் ஆங்காங்கே துளை. மழை அதில் இறங்கி, மணலில் வடிந்து, உறைக்குள் ஊறும். மழை பொய்த்தால் பிரெண்டா ஆற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டுவந்து ஊற்றுவார்களாம். 1884இல் குழாய்த் தண்ணீர் வந்தது. இப்போது கிணறுகளுக்கெல்லாம் மூடி போட்டிருக்கிறார்கள்.

மேலே உள்ள கல் வளையம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒன்றின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். தாம்புக் கயிறு உரசி உரசி விரல் பதியும் அளவுக்குத் தடம்! கைடுகள் அரண்மனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், இதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

கொல்லையில் உள்ள உறைகிணற்றைத் தூர்த்துவிடலாம் என்று தம்பி சொன்னானே, வேண்டாம் அப்பா. மொட்டைமாடி மழைத் தண்ணீரை மணலில் வடிகட்டி அதில் விட்டால் என்ன? குழாய்க்கும் மணலுக்கும் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுதுங்கள், பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்