கண்மாய் மடைக்கு ஷட்டர் போட வேண்டும், இன்னும் 2,64,500 ரூபாய் குறைகிறது

ஊர்ப் பெரியவர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கண்மாய்க் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஒரு நல்ல மழை பெய்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஜேசிபி உள்ளே இறங்காது, அப்புறம் சித்திரை வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தண்ணீர் திறந்துவிடும் தெற்கு மடையின் ஷட்டர் துருப்பிடித்து விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மார்கழியில் மண் மூட்டையும் பழைய ஃபிளெக்ஸ் பேனரும் வைத்து அடைத்தோம். அந்த இடுக்கு வழியாகவே பாதிக் கண்மாய் வடிந்ததை எல்லாரும் கரையில் நின்று பார்த்தோம்.

பெரியவர்கள் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். மதுரை வைகையால் வளர்ந்தது என்பது பாதி உண்மைதான். வைகை வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு இல்லை, வெள்ளம் வரும், வடியும், பிறகு மணல்தான். வந்த தண்ணீரைப் பிடித்துவைத்தவை கண்மாய்கள். ஒன்று நிறைந்து வழிகிற மறுகால் அடுத்ததற்கு வரத்து, இப்படியே ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை. சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலில் போய்ச் சேரமாட்டேன் என்று வைகை வழியிலேயே நின்றுவிட்டதாகப் பழம்பாட்டு ஒன்று உண்டு. பாண்டியர் கல்வெட்டில் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்றே வருகிறது, அதாவது மாடக்குளம் கண்மாய்க்குக் கீழே இருக்கிற மதுரை. தலைநகருக்கே விலாசம் ஒரு கண்மாய்! வடக்கே வைகை, தெற்கே கிருதுமால் நதி, நடுவில் கோயிலும் வீதிகளும். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளமும் வைகைத் தண்ணீரை நம்பித்தான். இன்றைக்குக் கிருதுமால் சாக்கடை. எழுகடல் தெருவில் போய் அந்தப் பெயர் கொண்ட குளத்தைத் தேடினால் கடைகள்தான் இருக்கின்றன. நம் ஊர்ப் பெயரின் கடைசியிலும் குளம் இருக்கிறது, சொல்லிவிட்டோம்.

கணக்கு இதுதான். ஷட்டரும் மடைக் கல்வேலையும் 1,10,000. ஜேசிபி 200 மணி நேரம், மணிக்கு 1,300 வீதம் 2,60,000. மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கு 1,45,000. வரத்துக்கால் சீமைக்கருவேலம் எடுக்க 1,65,000. மொத்தம் 6,80,000, கையில் வந்தது 4,15,500.

கொடுத்த 173 வீட்டுக்கும் கோடி நன்றி. பெண் கல்யாணத்தைக் கையில் வைத்துக்கொண்டு 10,000 கொடுத்த வடக்குத் தெரு அண்ணனுக்கும், சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் மறக்காமல் அனுப்பும் தம்பிகளுக்கும், வேலை ஆட்களுக்குக் காசே வாங்காமல் டீ ஊற்றிய கடைக்காரருக்கும், உண்டியலை உடைத்துச் சில்லறையாக 843 ரூபாய் கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முதியோர் பணம் வாங்குகிற ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து 200 ரூபாயை வைத்துவிட்டு, ரசீது வேண்டாம் என்று போனார்.

மிச்சம் 139 வீடு. யார் யார் என்று எழுதப் போவதில்லை. கண்மாய் நிறைந்தால் முதலில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறோம். உங்கள் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் ஏறுவதும் இந்தக் கண்மாயால்தான். வீட்டுக்கு 2,000 வந்தால் குறை தீர்ந்து டீசலுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

ஆவணி மூலத்துக்கு மதுரைப் புட்டுத்தோப்புக்குப் போய்க் கும்பிட்டு வந்தோமே, அங்கே நடந்தது என்ன? வைகைக் கரை உடைந்தபோது அதை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் அளந்து கொடுத்தான். ஆள் இல்லாத வந்திக் கிழவிகூட என் பங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, பிட்டைக் கூலியாகக் கொடுத்து ஆள் பிடித்தாள். வந்தவர் சொக்கநாதர்.

வருகிற ஞாயிறு காலை 7 மணியிலிருந்து ரசீதுப் புத்தகத்தோடு மந்தையில் இருப்போம். ஜிபேயில் அனுப்புகிறவர்கள் வீட்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், போன தடவை யார் அனுப்பியது என்றே தெரியாமல் 6,000 ரூபாய் நிற்கிறது. பணம் முடியாதவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள், வரத்துக்காலில் வேலை இருக்கிறது. காலைப் பலகாரம் குழுவின் பொறுப்பு. புட்டுதான்.