ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பு: கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

பங்குனி உத்திரம் முடிந்த வாரம் மண்டபச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பு நிற்கும், அந்த நேரத்தில் வெளியார் ஒருவர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி நடத்துவார் என்று இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக பர்மாவின் யாங்கோனில் ஆங்கில டியூஷன் எடுத்துச் சாப்பிடுகிறவன் நான். நியாயமாகப் பார்த்தால் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழ்ச்சி வரவில்லை. நேரில் வந்தால் குரலை உயர்த்திவிடுவேன் என்று மனைவி தடுத்துவிட்டாள். அதனால் இந்த மடல்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்குள் பிணக்கே இல்லை. சிங்கப்பூரோ ஆஸ்திரேலியாவோ, எங்கே படிக்கப் போனாலும் ஆங்கிலச் சான்றிதழ் கேட்கிறார்கள். 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு ஏன் நடக்கிறது என்று இந்த ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தேர்வுக் கட்டணம் சின்னத் தொகை அல்ல. வாங்கிய மதிப்பெண்ணின் ஆயுளும் இரண்டே ஆண்டு. ஒரு முறை சறுக்கினால் அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்தீர்களா? வாசிப்புத் தாளில் மூன்று கட்டுரைகள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். 23 சரியாக இருந்தால் ஒன்பதுக்கு ஏறக்குறைய 6 மதிப்பெண் கிடைக்கும்; 30 சரியாக இருந்தால் 7. இடையில் இருப்பது ஏழே ஏழு கேள்வி. அந்த ஏழில் பாதியை நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது ஒரே வகைக் கேள்வியில்தான்: ஒரு கூற்றைக் கொடுத்து, கட்டுரைப்படி அது சரியா, தவறா, அல்லது கட்டுரையில் சொல்லப்படவில்லையா என்று கேட்கிற வகை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மின்சாரம் போய்விட்டது, பேட்டரி விளக்கில் ஆறு பேர். பயிற்சிக்காக நானே ஒரு பத்தியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். 1930-இல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், கடன் கொடுத்த செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு, 1937-இல் 25 பங்கு. பத்தி அவ்வளவுதான். கீழே ஒரு கூற்று: 'செட்டியார்கள் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளவே விரும்பினார்கள்.'

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தயக்கமே இல்லாமல், 'தவறு' என்று எழுதினாள். ஏன் என்றேன். "சயா (பர்மிய மொழியில் வாத்தியார்), என் பூட்டன் மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்குப்பிள்ளை. அவர்களுக்குப் பணம் திரும்பி வந்தால் போதும், வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தவித்தார்களாம். பாட்டி சொல்லியிருக்கிறார்." பக்கத்தில் இருந்த பையன் 'சரி' என்று எழுதியிருந்தான். "எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள், சயா" என்றான். இருவரும் சண்டைக்கே போய்விட்டார்கள். விடை, சொல்லப்படவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது கட்டுரைக்குத் தெரியாது. ஊர் பேசுவதும் கட்டுரைக்குத் தெரியாது. இதைப் புரியவைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. (அந்தப் பாட்டியை ஒரு நாள் உட்காரவைத்து எழுதிக்கொள்ள வேண்டும். அது வேறு வேலை.)

அந்த இருவருக்கும் பத்தியில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இலக்கணமும் இடறவில்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் வாசிக்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்தில் தொடங்குவது, நீச்சல் தெரியாத பிள்ளையை ஆற்றின் நடுவில் இறக்குவது போன்றது. வீட்டில் பேசுகிற மொழியில் தொடங்கினால் ஒரு மாதத்தில் வந்துவிடும். நம் தமிழ் வகுப்பு அதைச் செய்கிறதா என்று கேட்பீர்கள். செய்யவில்லை. செய்யுளை ஒப்பிக்கவைத்து, பொருளையும் ஒப்பிக்கவைத்து, கற்கண்டு கொடுத்து அனுப்புகிறோம். அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். திருத்தச் சொல்லுங்கள், திருத்துவோம்.

பயிற்சி நடத்த வருகிறவர் மூவாயிரம் சொற்களின் பட்டியல் தருவாராம். நானும் ஒரு காலத்தில் பட்டியல் கொடுத்தவன்தான். 'மிகுதி' என்று பொருள் எழுதி 'பிளெதோரா' என்ற சொல்லை மனப்பாடம் செய்த மாணவன், யாங்கோனில் ஜூலையில் பிளெதோராவாக மழை பெய்யும் என்று எழுதிவைத்தான். அன்றோடு பட்டியலை மூட்டை கட்டிவிட்டேன். சொல் தனியாக வருவதில்லை, உறவோடு வருகிறது. அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள். எகானமி, எகனாமிக், எகானமிஸ்ட் எல்லாம் அதில் ஒரே வீடு. நட, நடை, நடப்பு, நடத்தை ஆகியவை ஒரு தாய் பிள்ளைகள் என்று தமிழில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இலக்கணத்துக்கு வருகிறேன், என் வழக்கின் பலமே இங்கேதான். நம் பிள்ளைகள் 'ஹி கோஸ்' என்பதை 'ஹி கோ' என்று எழுதுகிறார்கள். பள்ளியில் நாள் முழுவதும் பர்மிய மொழியில் சிந்திக்கிறார்கள் அல்லவா, அதில் வினை அசையாது. 'ஜனோ துவாதெ' என்றாலும், 'தூ துவாதெ' என்றாலும், 'தூதோ துவாதெ' என்றாலும் அதே 'துவாதெ'தான். போகிறவர் நானா, அவனா, அவர்களா என்று வினைக்குக் கவலையில்லை. தமிழ் வினை அப்படி விடாது. போகிறேன், போகிறான், போகிறார்கள். 'அவன் போகிறேன்' என்று சொல்லிப் பார் என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 'ஹி கோ' என்று நீ எழுதினால் ஆங்கிலேயனும் இப்படித்தான் சிரிப்பான் என்பேன். அதற்குப் பிறகு அந்த எஸ் எழுத்தை அவர்கள் அதிகம் மறப்பதில்லை.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' இரண்டும் இன்னும் பெரிய தலைவலி. தமிழிலும் இல்லை, பர்மிய மொழியிலும் இல்லை என்று புத்தகங்கள் கைவிரிக்கின்றன. பாதி உண்மை. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கிவிட்டேன்' என்றால் நீங்களும் நானும் முன்பே பேசிவைத்த புத்தகம். அந்த இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிற வேலையில் ஒரு பங்கைத்தான் 'தி' செய்கிறது. எழுவாயில் இந்த உபாயம் செல்லாது, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். ஆனாலும் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. 'ஐ' எங்கே வரும் என்று தெரியாத பிள்ளைக்கு இந்தப் பிடியும் இல்லை.

1960-களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இந்த ஊரில் தமிழ் எழுத்து கோயில் மண்டபங்களில்தான் ஒதுங்கியது. என் தலைமுறைக்கு ஏபிசியே ஐந்தாம் வகுப்பில்தான் வந்தது. அந்தக் கதையைச் சொல்லி உங்களை உருக்க இந்த மடலை எழுதவில்லை. ஆங்கில மதிப்பெண்ணுக்காகத்தான் தமிழ் வகுப்பைக் கேட்கிறேன்.

எட்டு மணி முதல் ஒன்பதரை வரை தமிழ் வகுப்பு இருக்கட்டும். பாட்டுக்குப் பதில் பத்தி வாசிப்போம்: அரைப் பக்கச் செய்தி, மூன்று கூற்றுகள், சரியா, தவறா, சொல்லப்படவில்லையா. பத்து மணிக்கு அதே பாய்களில் ஆங்கிலம். அதை நான் எடுக்கிறேன், சம்பளம் வேண்டாம். தேர்வுத் தேதி நெருங்கிய பிள்ளைகளுக்கு மட்டும், கடைசி ஆறு வாரம், கடிகாரத்தை வைத்து முழுத்தாள் எழுதவைக்க வெளியாரை அழைத்துக்கொள்ளுங்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், நான் மறுக்கவில்லை. மண்டபத்து இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்ற வேண்டும், அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அந்தச் செலவில் பாதியை என் பழைய மாணவர்களிடம் திரட்டித் தருகிறேன்.

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழரைக்கு மண்டப வாசலில் நிற்பேன். சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் குருக்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் வாத்தியார், யாங்கோன்