மேளம் கட்டி வாங்கிப்போனவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சித்திரையிலிருந்து சுற்றிவரும் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். மேளம் கட்டுவது என்றால், வீணையில் மெழுகு வைத்து, தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோக மெட்டுகளை அதன்மேல் சுருதி பார்த்துப் பதிப்பது. எங்களிடம் அப்படிக் கட்டிய வீணையில் இரண்டே வாரத்தில் மெட்டு நகர்ந்துவிட்டதாம், மெழுகில் கலப்படமாம். வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். சுருதி சேரவில்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். கலப்படம் என்ற சொல்தான் தூங்கவிடவில்லை.

தேன்மெழுகு, சலித்த கரித்தூள், கொஞ்சம் குங்கிலியம். அப்பா காலத்திலிருந்து எங்கள் மெழுகு இவ்வளவுதான். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும். 40ஐத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். அந்த வீணை ஒரு மத்தியானம் முழுக்க வெயிலில், மூடிய காரின் பின்சீட்டில் இருந்திருக்கிறது. உறையைப் பிரித்தபோது மேல் ஸ்தாயி மெட்டுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன; உறையின் தையல் தடம் மெழுகில் அப்படியே பதிந்திருந்தது. அந்த வீட்டாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெயிலில் வைக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், சொல்லவில்லை. காசு வாங்காமல் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

கிடார் மாதிரி மரத்திலேயே பதித்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். பலா மரம் பருவத்துக்கேற்ப லேசாக அசையும், மெட்டும் தேயும். அப்போது மெழுகை இளக்கி, முதல் தந்தியான சாரணியை மீட்டி மீட்டிக் கேட்டு, 24 மெட்டையும் நெல் அகலம் நெல் அகலமாகத் தள்ளி வைக்கலாம். மெழுகில் கட்டுவதே அதற்காகத்தான்.

மெட்டு இன்றைக்கும் வெண்கலமே. பித்தளை மலிவு, ஆனால் உருக்குத் தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்க வாசிக்கச் சீக்கிரம் பள்ளம் விழுந்துவிடும். வீட்டிலேயே வீணை செய்து பார்க்கிற சிலர் எங்களிடம் மெட்டு மட்டும் வாங்கிப் போகிறீர்கள், அதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் மெட்டுக்கு முன்னால் தந்திகளைத் தாங்கும் மேருவையும் கொஞ்சம் கவனியுங்கள். தந்தி உட்காரும் வெட்டு மேலாக இருந்தால் முதல் மெட்டை அழுத்தும்போதே சுருதி ஏறிவிடும். ஆழமாகிவிட்டால் தந்தி மெட்டில் பட்டு இரையும். மெல்லிய அரத்தால் இரண்டு இழு இழுத்து, தந்தியைப் போட்டு மீட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த இழுப்பு.

முப்பது வருடம் இங்கே மேளம் கட்டிய பெரியவர், கண் பார்வை மங்கியதால் பொங்கலோடு நின்றுகொண்டார். அவரிடம் தொழில் கற்ற பையன்தான் இப்போது கட்டுகிறான். நல்ல காது அவனுக்கு. மேளத்துக்கு இனி மூன்று வாரம் ஆகும், கூலியிலும் 1,500 ரூபாய் கூடும்.

அந்தப் பேச்சு வந்த அன்றே போன் செய்து "நாங்கள் இருக்கிறோம்" என்றவர்களுக்கும், பாட்டியின் வீணையைப் பேத்திக்காகப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. யாருக்காவது மெட்டு பற்றிச் சந்தேகம் இருந்தால், ஆடி முடியும்வரை எந்த நாளும் வீணையை எடுத்து வாருங்கள். காசில்லாமல் பார்த்துத் தருகிறோம். காலையிலேயே கிளம்பி வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
தஞ்சாவூர்